ஓர் உறையில் இரு வாள்

ஓர் உறையில் இரு வாள் இருக்க முடியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. கணிப்பொறி மொழிகளை வடிவமைக்கும் மேனாட்டு அறிஞர்கள் இதைக் கேட்டிருப்பார்களோ, மாட்டார்களோ, நானறியேன். ஆனால் இப்பழமொழி சொல்லும் சிக்கலை அவர்கள் நன்கறிவார்கள். ‘பைத்தான்’ என்னும் மொழியில் ஒரேயொரு சிறு குறியைச் சேர்ப்பதற்காக 2019 மார்ச்சில் ஒரு முன்மொழிவு எழுதப்பட்டது. அக்குறி மொழிக்குள் வந்து சேர்ந்தது 2020 அக்டோபரில். இடையில் 19 மாதங்கள். அத்தனை வாதங்களும் ஒரே கேள்வியைச் சுற்றியவை. ஓர் உறைக்கு இரு வாள்கள் உரிமை கொண்டாடினால் எந்த வாளை வெளியே எடுத்து வைப்பது?

கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்த வழக்கு என்னைக் கவர்ந்தது. பின்னர் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணியின் வேலை ஒன்றில் இதே கேள்வி நேரில் வந்து நின்றபோது, இது நூலகத்தோடு முடியும் செய்தி அன்று என்பதையும் உணர்ந்தேன். அவ்விரண்டையும் நம் ஆண்டு மலர் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகராதி என்னும் பெட்டி

பைத்தான் மொழியை உருவாக்கியவர் ஆலந்து நாட்டவரான கைடோ வான் ராசம். 1991இல் அது முதன்முதலாக வெளியிடப்பட்டது. அம்மொழியில் விவரங்களைச் சேமித்து வைக்கும் அமைப்புகளுள் ஒன்றின் பெயர் ‘டிக்ஷனரி’, அதாவது அகராதி. பெயர் பொருத்தமானதே. அகராதியில் ஒரு தலைச்சொல் இருக்கும். அதற்கு நேரே பொருள் இருக்கும். இங்கும் அப்படியே. தலைச்சொல்லைக் ‘கீ’ என்றும், அதற்கு நேரே உள்ளதை ‘வேல்யூ’, அதாவது மதிப்பு என்றும் அழைப்பர். மாணவரின் பதிவெண் தலைச்சொல்லாகவும் அவருடைய மதிப்பெண் மதிப்பாகவும் இருக்கலாம். கடைச்சரக்கின் பெயர் தலைச்சொல்லாகவும் விலை மதிப்பாகவும் இருக்கலாம்.

ஆனால் நாம் புரட்டும் அகராதிக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் போன்ற பேரகராதிகளில் ‘திங்கள்’ என்ற சொல்லைத் தேடினால், நிலவு என்ற பொருளும் கிடைக்கும். மாதம் என்ற பொருளும் கிடைக்கும். ஒன்று மற்றொன்றைத் துரத்துவதில்லை. அகராதி தொகுக்கும் புலவருக்கு இரண்டு பொருள் கிடைத்தால் மகிழ்ச்சி. இரண்டையும் எண்ணிட்டு எழுதி வைப்பார். கணிப்பொறியின் அகராதியோ ஒரு தலைச்சொல்லுக்கு ஒரே மதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வந்தால் முதலாவது போய்விடும். போனதற்கு அடையாளம்கூட இராது.

ஓர் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும்வரை இதனால் துன்பமில்லை. இரண்டு அகராதிகளை ஒன்றாக்கும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது.

கூட்டலா, சேர்ப்பா?

2019க்கு முன்னும் பைத்தானில் அகராதிகளை ஒன்றாக்க வழிகள் இருந்தன. ‘அப்டேட்’ என்ற கட்டளை, ஓர் அகராதிக்குள் மற்றொன்றைக் கொட்டும். ஆனால் முதல் அகராதியின் பழைய உருவம் அழிந்துவிடும். 2015இல் வந்த 3.5 பதிப்பு முதல், இரண்டு நட்சத்திரக் குறிகளை முன்னிட்டு இரு அகராதிகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் விரித்து எழுதும் முறை வந்தது. அது வேலை செய்யும். ஆனால் புதிதாகப் படிப்பவர் கண்டால் இது என்ன வேலை செய்கிறது என்று எளிதில் ஊகிக்க முடியாது. எண்களுக்குக் கூட்டல் குறி இருப்பதுபோல அகராதிகளுக்கும் ஒரு குறி வேண்டும் என்ற ஆவல் பலருக்கு நெடுநாளாக இருந்தது.

ஸ்டீவன் டி அப்ரானோ, பிராண்ட் புக்கர் ஆகிய இருவரும் இதற்கான முன்மொழிவின் ஆசிரியர்கள். அதன் எண் 584. கைடோ வான் ராசம் 2018 சூலையிலேயே மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். எனினும் இம்முன்மொழிவின்மீது தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அவரிடமே தரப்பட்டது.

முதலில் அவர்கள் கேட்டது கூட்டல் குறி. கூடவே கழித்தல் குறியும் கேட்கப்பட்டது. கூட்டல் எல்லோருக்கும் தெரிந்த குறி, ஆகவே எளிமை. ஆனால் கணித மாணவன் எவனும் உடனே கேட்பான்: 3ஐயும் 4ஐயும் கூட்டினால் 7, 4ஐயும் 3ஐயும் கூட்டினாலும் 7. அகராதிகளில் அப்படி வருமா? வராது. அ என்ற அகராதியில் அரிசியின் விலை 50 என்றும், ஆ என்ற அகராதியில் 60 என்றும் இருந்தால், அ முதலில் நின்றால் ஒரு விடை. ஆ முதலில் நின்றால் வேறு விடை. பரிமாற்றுப் பண்பு இல்லை.

இதற்கு மறுமொழியும் உண்டு. பைத்தானில் இரண்டு சொற்களைக் கூட்டல் குறியால் ஒட்டலாம். ‘பூ’வையும் ‘மாலை’யையும் ஒட்டினால் ‘பூமாலை’. மாற்றி ஒட்டினால் ‘மாலைபூ’. அங்கே மட்டும் பரிமாற்றுப் பண்பு இருக்கிறதா என்ன? ஆகவே இந்தத் தடை தனியே நிற்காது.

எனக்கு வலுவானதாகத் தோன்றிய தடை வேறு. கூட்டல் குறியால் எதை ஒட்டினாலும் எதுவும் தொலைவதில்லை. மூன்று பெயர் கொண்ட பட்டியலையும் நான்கு பெயர் கொண்ட பட்டியலையும் கூட்டினால் ஏழு பெயர் இருக்கும். அகராதிகளில் பொதுத் தலைச்சொற்கள் இருந்தால் ஏழு வராது. நாம் பள்ளியில் படித்த கணங்களின் வாய்பாடுதான் இங்குப் பொருந்தும்: இரு கணங்களின் எண்ணிக்கைகளைக் கூட்டி, பொதுவானவற்றின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். அப்படியானால் இது கூட்டல் அன்று, கணங்களின் சேர்ப்பு. பைத்தானில் கணங்களின் சேர்ப்புக்கு ஒரு செங்குத்துக் கோடு ஏற்கெனவே வழக்கில் இருந்தது. இறுதியில் அந்தக் கோடே அகராதிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. அ | ஆ என்று எழுதினால் மூன்றாவதாக ஒரு புதிய அகராதி பிறக்கும்; அ, ஆ இரண்டும் மாறாமல் இருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் சமக்குறி இட்டு |= என எழுதினால் இடப்பக்கத்து அகராதியே மாற்றப்படும். கழித்தல் குறி கைவிடப்பட்டது.

யார் வெல்வது?

குறியைவிடப் பெரிய கேள்வி, மோதல் வந்தால் யார் வெல்வது என்பது. முன்மொழிவில் நான்கு மாற்று வழிகள் எடுத்துரைக்கப்பட்டு விலக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்தபோது ஒரு கிராமப் பஞ்சாயத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

முதல் வழி: ஒரே தலைச்சொல் இருபுறமும் வந்தால் ‘பிழை’ என்று அறிவித்து வேலையை நிறுத்திவிடுவது. இரண்டாவது: இரு மதிப்புகளையும் கூட்டிவிடுவது. மூன்றாவது: முதலில் வந்தவருக்கே உரிமை கொடுப்பது. நான்காவது: இரண்டையும் ஒரு பட்டியலாக்கி வைத்துக்கொள்வது; நம் லெக்சிகன் புலவர்களின் வழி இது.

நான்கிலும் நியாயம் உண்டு. பைத்தானிலேயே ‘கவுண்டர்’ என்றொரு தனி வகை அகராதி இருக்கிறது. எண்ணிக்கைகளை வைப்பதற்கென்றே ஏற்பட்டது அது. அதில் கூட்டல் குறி மதிப்புகளைக் கூட்டும். செங்குத்துக் கோடு இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும். ஒரு பையில் 3 மாம்பழம், மற்றொன்றில் 2 என்றால் கூட்டல் 5 என்று சொல்லும். கோடு 3 என்று சொல்லும். ஆனால் பொது அகராதியின் மதிப்பு எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர்ப் பெயராக இருக்கலாம். கூட்ட முடியாத பொருளாகவும் இருக்கலாம்.

மற்ற மொழிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. ஹாஸ்கல் மொழியில் அகராதிகளின் சேர்ப்பில் இடப்பக்கம் வெல்லும். பி.எச்.பி. மொழியில் கூட்டல் குறியிட்டால் இடப்பக்கம் வெல்லும். அதே மொழியின் வேறொரு கட்டளையைப் பயன்படுத்தினால், தலைச்சொல் எழுத்தாலானதாயின், வலப்பக்கம் வெல்லும். ரூபி மொழி மேலும் ஒரு படி சென்று, மோதல் வந்தால் என்ன செய்வது என்ற விதியை நம்மையே எழுதித் தரச் சொல்கிறது. தராவிட்டால் வலப்பக்கத்துக்கு வெற்றி. ஆக, உலகப் பொதுவான தீர்ப்பு என்று ஒன்றும் இல்லை.

பைத்தான் தேர்ந்தெடுத்தது ‘கடைசியில் வந்தவர் வெல்வார்’ என்ற விதி. பழைய ‘அப்டேட்’ கட்டளையும் நட்சத்திர முறையும் அதையே செய்துவந்தன. புதிய குறி மட்டும் வேறு தீர்ப்புச் சொன்னால் படிப்பவர் குழம்பிப்போவார். முதலில் வந்தவர்தான் வெல்ல வேண்டும் என்று நினைப்பவருக்கும் வழியுண்டு: இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் போதும்.

ஒரு நுட்பமும் இதில் இருக்கிறது. 2018இல் வந்த 3.7 பதிப்பு முதல் பைத்தான் அகராதிகள் தலைச்சொற்களை வந்த வரிசையிலேயே வைத்திருக்கும் என்பது உறுதியாயிற்று. இருவர் மோதும்போது மதிப்பு வலப்பக்கத்திலிருந்து வருகிறது. தலைச்சொல்லின் இடமோ இடப்பக்கத்தில் இருந்தபடியே இருக்கிறது. வீடு பழையவருடையது, குடியிருப்பவர் புதியவர்!

குலமாகாத கூட்டு

வகுப்பில் அருவ இயற்கணிதம் படிக்கும்போது இந்தக் குறியை ஒரு ஈருறுப்புச் செயலியாக எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். இரு அகராதிகளைச் சேர்த்தால் அகராதியே வருகிறது. அடைவுப் பண்பு உண்டு. அ, ஆ, இ மூன்றையும் எந்த இரண்டில் தொடங்கிச் சேர்த்தாலும், வரிசை மாறாதவரை, விடை மாறுவதில்லை. சேர்ப்புப் பண்பு உண்டு. வெற்று அகராதியோடு எதைச் சேர்த்தாலும் அதுவே திரும்ப வருகிறது. ஆகவே சமனி உறுப்பும் உண்டு. சமனியுடைய அரைக்குலம் என்று சொல்லிவிடலாம்.

குலம் என்று சொல்ல ஒன்று குறைகிறது: எதிர்மறை உறுப்பு. 5ஐக் கூட்டிய பின் 5ஐக் கழித்தால் பழைய எண் கிடைக்கிறது. ஓர் அகராதியைச் சேர்த்த பின், எதைச் சேர்த்தாலும் பழைய அகராதி திரும்ப வராது. தோற்றுப்போன மதிப்பு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கரும்பலகையில் இது ஒரு வரிச் செய்தி. ஒரு மனிதரைப் பற்றிய மதிப்பாக அது இருந்துவிட்டால் அப்படி நினைக்கத் தோன்றுவதில்லை.

குருதிக்கொடைப் பட்டியல்

எங்கள் அணியில் குருதிக்கொடையாளர் பட்டியல் ஒன்று உண்டு. மூத்த மாணவர்கள் சென்ற ஆண்டு தொகுத்துவைத்துப் போனது ஒன்று. இந்த ஆண்டு வகுப்பு வகுப்பாகச் சென்று நாங்கள் எழுதியது மற்றொன்று. இரண்டையும் கணிப்பொறியில் ஒன்றாக்கும் வேலை என்னிடம் வந்தது. பெயரைத் தலைச்சொல்லாக வைத்தால் ஒரே பெயருடைய இருவருள் ஒருவர் மறைந்துவிடுவார். ஆகவே பதிவெண் தலைச்சொல்லாயிற்று. அதற்கு நேரே ஒரு சிறிய உள் அகராதி: தொலைபேசி எண், குருதி வகை, கடைசியாகக் குருதி கொடுத்த நாள்.

பக்கத்தில் இருந்த முதலாண்டுத் தம்பி கேட்டான்: “இதுல யோசிக்க என்னண்ணா இருக்கு? புதுசுதான் சரியா இருக்கும். நடுவுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுது!”

நான் அவனிடம் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை தம்பி சொன்னது சரி. புதிய எண்ணே வெல்ல வேண்டும். ஆனால் புதிய பட்டியலில் சிலர் எண்ணை எழுதாமல் விட்டிருந்தார்கள். அகராதிக்கு வெற்றிடமும் ஒரு மதிப்புதான். வலப்பக்கத்து வெற்றிடம் இடப்பக்கத்து எண்ணை அழித்துவிடும்.

கடைசியாகக் கொடுத்த நாளின் கதை வேறு. ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும்தான் முழுக்குருதி கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. எனவே இரு நாட்களில் எது பிந்தியதோ அதுவே வேண்டும். அது எந்தப் பட்டியலில் இருந்தாலென்ன? மேலும், கோடு உள் அகராதிக்குள் நுழைந்து பார்க்காது. வலப்பக்கத்து உள் அகராதியை முழுவதுமாகத் தூக்கி வைத்துவிடும். புதிய குறிப்பில் நாளே எழுதப்படவில்லை என்றால் பழைய நாளும் சேர்ந்து போய்விடும். சென்ற மாதம் கொடுத்தவரையே மறுபடியும் கூப்பிட்டுவிடுவோம்.

குருதி வகைதான் எங்களை நிறுத்தியது. நான்கு பேருக்குப் பழைய பட்டியலில் ஒரு வகையும் புதியதில் வேறு வகையும் இருந்தன. குருதி வகை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஆகவே இங்கே ‘புதியது வெல்லும்’ என்ற விதிக்குப் பொருளே கிடையாது. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள் என்பது உண்மை. ஆனாலும் நள்ளிரவில் ஒரு குடும்பம் காத்திருக்கும்போது தவறான ஆளை வரவழைத்துத் திருப்பியனுப்பினால் போகும் நேரம் யாருடைய நேரம்?

திட்ட அலுவலரான பேராசிரியரிடம் போய்ச் சொன்னோம். “எந்தப் பட்டியல் உண்மைன்னு நீ எப்படிப்பா தீர்ப்புச் சொல்லுவே? அந்த நாலு பேரையே கேளு. தெரியலேன்னா முகாமிலே சோதிச்சுப் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும்” என்றார்.

அப்படியே செய்தோம். தொலைபேசி எண்ணுக்கு ‘வெற்றிடமல்லாத புதியது’, நாளுக்கு ‘பிந்தியது’, குருதி வகைக்கு ‘மோதினால் நில், கேள்’ என மூன்று விதிகளை எழுதினோம். முன்மொழிவில் விலக்கப்பட்ட வழிகளுள் ஒன்று இங்கே எங்களுக்குக் கை கொடுத்தது.

கோட்டினால் செய்யவே முடியாதது இன்னொன்றும் உண்டு. சென்ற ஆண்டுப் பட்டியலில் இருந்த ஒரு மாணவி, உடல்நலம் கருதி இனித் தன்னை அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். புதிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் சேர்ப்பு என்பது ‘இல்லை’ என்ற சொல்லை அறியாது. பழையதில் இருந்தால் உள்ளே கொண்டுவந்துவிடும். அவர் மறுத்ததைப் பட்டியலில் தனியாக எழுதி வைத்தால்தான் அந்த மறுப்பு நிலைக்கும். எழுதி வைத்தோம்.

குறை அன்று, எல்லை

இவற்றையெல்லாம் சொல்வதால் பைத்தானின் வடிவமைப்பாளர்கள் பிழை செய்துவிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டா. உலகெங்கும் எண்ணற்றோர் பயன்படுத்தும் ஒரு குறி, ஒவ்வொருவர் வீட்டு வழக்கையும் தீர்த்துவைக்க இயலாது. அது செய்யக்கூடியது ஒன்றே: எளிய விதி ஒன்றை ஏற்றுக்கொண்டு எங்கும் எப்போதும் அதையே கடைப்பிடிப்பது. ‘கடைசியில் வந்தது வெல்லும்’ என்று தெரிந்துவிட்டால் எதைக் கடைசியில் வைப்பது என்று நாம் திட்டமிடலாம். சில நேரம் ஒன்று, சில நேரம் மற்றொன்று என்று நடக்கும் குறியை வைத்துக்கொண்டு எதையும் கட்ட முடியாது.

செலவையும் கணக்கில் வைக்க வேண்டும். கோடு ஒவ்வொரு முறையும் புதிய அகராதியை எழுதுகிறது. ஒவ்வொரு பதிவே கொண்ட 1000 அகராதிகளைக் கோட்டால் வரிசையாகச் சேர்த்தால் ஏறத்தாழ 5 இலட்சம் பதிவுகளைப் படியெடுக்க நேரும். 1 முதல் 1000 வரை கூட்டிப் பார்த்தால் விளங்கும். |= குறியை இட்டு ஒரே அகராதிக்குள் போட்டுக்கொண்டே போனால் 1000 பதிவோடு வேலை முடிந்துவிடும். ஆனால் அங்கே பழையது மிஞ்சாது. விரைவு வேண்டுமா, திரும்பிப் பார்க்கும் வசதி வேண்டுமா என்பதை வேலையின் தன்மைதான் சொல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியை விட்டுச் சென்றபின் நம்மில் பலர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும் வேலையைச் செய்யத்தான் போகிறோம். வாக்காளர் பட்டியலோ, குடும்ப அட்டைப் பட்டியலோ, ஓய்வூதியப் பட்டியலோ, ஏதோ ஒன்று. ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் இருப்பார். அவ்வேலையைத் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவர் மோதினால் யார் வெல்ல வேண்டும்? ஒரு பட்டியலில் இல்லாதவர் மறந்துபோனவரா, மறுத்துவிட்டவரா? தோற்றுப்போன மதிப்பு பின்னொரு நாள் தேவைப்பட்டால் அதை எங்கே போய் எடுப்பது? மூன்றுக்கும் விடை எழுதியான பின் கோட்டைப் போடுங்கள். மூலப் பட்டியல்கள் இரண்டையும் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டே போடுங்கள்.